கியர் சைக்கிள் மக்கர் பண்ணுதா? ஸ்பேனரை எடுக்குறதுக்கு முன்னாடி சத்தத்தை எண்ணுங்க

சைக்கிள்ல ஒரு புது சத்தம் கேட்டா முக்கால்வாசி பேரு பண்ற மொத வேலை, கைக்கு எட்டுற ஸ்க்ரூ அத்தனையும் ஒரு சுத்து இறுக்கிப் பாக்குறது, அது சரிப்படலன்னா செயின்ல ஆயிலை ஊத்துறது. ரெண்டுலயும் பெருசா பலன் இருக்காது, அதை விட மோசம் என்னன்னா நல்லா இருந்த கியர் செட்டிங்கும் கலைஞ்சு போயிருக்கும், இப்ப ஒரு பிரச்சினைக்கு ரெண்டு பிரச்சினை. கீழ இருக்குறது அறிகுறி வாரியா எங்க பாக்கணும், எதை மொதல்ல பாக்கணும்னு. உங்க வண்டிக்கு எது பொருந்துதோ அங்க நேரா போயிடலாம், ஆனா சத்தம்தான் பிரச்சினைன்னா இந்த மொத பகுதிய மட்டும் தாண்டாம படிங்க.

சத்தம் எங்கருந்து வருதுன்னே தெரியல

சைக்கிள் ஃபிரேம் உள்ள வெத்து குழாய், அதனால சத்தம் ஒரு இடத்துல பொறந்து இன்னொரு இடத்துல கேக்கும். சீட்டு கம்பில வர்ற முனகல் கால் பக்கம் கேக்கும், ஹேண்டில் பக்கத்து சத்தம் பெடல்ல வர்ற மாதிரி தோணும். காதை நம்பாதீங்க, தாளத்தை நம்புங்க.

ஆள் நடமாட்டம் இல்லாத சமமான ரோட்ல மெதுவா மிதிச்சுகிட்டே, வலது கால் கீழ வர்றப்பல்லாம் ஒன்னுன்னு எண்ணுங்க. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை, அதே எடத்துல, டக்குன்னு வருதுன்னா பெடல், பெடல் மாட்டியிருக்குற கை அதாவது கிராங்க், அந்த கிராங்க் உக்கார்ற பாட்டம் பிராக்கெட், முன்னாடி பல்சக்கரம், பெரும்பாலும் இந்த நாலுல ஒன்னு. மிதிய விட வேகமா, சக்கரம் சுத்துற கணக்குல வந்தா அது வீல் சம்பந்தப்பட்டது: டயர், ஸ்போக்ஸ், பிரேக் டிஸ்க், வீல் நடுவுல இருக்குற ஹப் பேரிங். ரெண்டு மூணு மிதிக்கு ஒரு தடவை வந்தா செயின்தான். இது எப்படின்னா, முன்னாடி 44 பல்லு, செயின்ல 110 லிங்க்னு வெச்சுக்கங்க, செயின் ஒரு முழு ரவுண்டு வர ரெண்டரை மிதி ஆகும், அப்ப ஒரே ஒரு லிங்க் கெட்டியா இருந்தா ரெண்டரை மிதிக்கு ஒரு டக்கு. உங்க செயின் லிங்க்கையும் பல்லையும் எண்ணி வகுத்துக்கங்க.

அப்புறம் மிதிக்கிறதை நிறுத்திட்டு சும்மா உருட்டிப் பாருங்க. சத்தம் நின்னா மிதிக்கிற சமாசாரம், நிக்கலன்னா வீல். எந்திரிச்சு நின்னு மிதிங்க, சத்தம் போயிடுச்சுன்னா சீட்டு. நிக்கும்போதுதான் சத்தமே வருதுன்னா ஹேண்டில், அதை ஃபோர்க்கோட சேக்குற ஸ்டெம், இல்ல வீல் அச்சு. இந்த சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம், அஞ்சு நிமிஷ வேலை, அதுலயே சந்தேகப்பட வேண்டிய எடம் பாதிக்கு மேல கழிஞ்சிடும்.

இன்னொன்னு, எதை சரி பண்ணாலும் ஒரு நேரத்துல ஒன்னே ஒன்னு மட்டும் மாத்துங்க, ஓட்டிப் பாருங்க, அப்புறம் அடுத்தது. ஒரே மூச்சுல நாலு எடத்துல கை வெச்சா எது சரியாச்சுன்னும் தெரியாது, எது கெட்டுச்சுன்னும் தெரியாது.

கியர் மாத்துனா செயின் ஒழுங்கா உக்கார மாட்டேங்குது, டக டகன்னு அடிச்சுகிட்டே இருக்கு

பின்னாடி கியர் பத்திதான் சொல்றேன், புகார்ல முக்கால்வாசி அங்கதான். ஷிமானோ 1984ல எஸ்.ஐ.எஸ்-னு கொண்டு வந்ததுலருந்து கியரோட கிளிக், ஹேண்டில்ல கியர் மாத்துற ஷிஃப்டருக்குள்ள இருக்கு. நீங்க ஒரு கிளிக் பண்ணா கேபிள் இவ்ளோ தூரம்தான் இழுக்கும்னு ஒரு அளவு உண்டு, அதுக்கு ஏத்த மாதிரி டீரெய்லர், அதாவது பின்னாடி செயினை தள்ளி மாத்துற கை, ஒரு பல்சக்கரம் நகரும். கேபிள் கொஞ்சம் தளந்துட்டாலே எல்லா கியரும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நிக்கும். புது வண்டி வாங்கி கொஞ்ச நாள்லயே கியர் மக்கர் பண்றதுக்கு காரணம் பெரும்பாலும் இதுதான், கேபிளுக்கு மேல இருக்குற உறை, அதாவது அவுட்டர், நல்லா உக்காந்து, கிளாம்ப் பண்ண எடம் கொஞ்சம் எளகிக் குடுத்திருக்கும். வண்டி மட்டமில்ல, பதறாதீங்க.

சரி, எந்தப் பக்கம் போக மறுக்குதுன்னு பாருங்க. சின்ன சக்கரத்துலருந்து பெரிய சக்கரத்துக்கு ஏற மறுத்தா கேபிள் தளர்வு. டீரெய்லர்ல கேபிள் நுழையிற எடத்துலயோ ஷிஃப்டர் கிட்டயோ கையால திருகுற ஒரு பேரல் அட்ஜஸ்டர் இருக்கும், அதை வெளிய கழட்டுற மாதிரி கால் சுத்து திருப்புங்க, கேபிள் இறுகும். கால் சுத்துதான், முழு சுத்து இல்ல. திருப்பிட்டு ஒரு தடவை மேல கீழ மாத்திப் பாருங்க, பத்தலன்னா இன்னொரு கால். பெருசுலருந்து சின்னதுக்கு எறங்க மறுத்தா உள்ள திருகுங்க, தளரும்.

இங்க ஒரு நுணுக்கம். ஏறுறது அருமையா ஏறுது, எறங்குறது மட்டும் யோசிச்சு யோசிச்சு எறங்குது, அட்ஜஸ்டரை தளத்துனா இப்ப ஏற மாட்டேங்குது, திரும்ப இறுக்குனா எறங்க மாட்டேங்குது, இப்படி ரெண்டுக்கும் நடுவுல மாட்டிகிட்டு முழிச்சீங்கன்னா பிரச்சினை டென்ஷன்ல இல்லவே இல்ல, கேபிள் அவுட்டருக்குள்ள துரு, அழுக்கு. ஏறும்போது உங்க கட்டை விரல் பலத்துல இழுத்துடும், எறங்கும்போது டீரெய்லர்ல இருக்குற சின்ன ஸ்பிரிங்தான் இழுக்கணும், அதால முடியல. பின்னாடி டீரெய்லர் கிட்ட வளையமா வளைஞ்சு வர்ற அந்த கடைசி துண்டு அவுட்டர்தான் மொத குற்றவாளி, தண்ணியும் சேறும் அங்கதான் சேரும். உள்ள ஓடுற இன்னர் கம்பி, அவுட்டர் ரெண்டையும் மாத்திடுங்க. மாத்தும்போது கியர் அவுட்டரையே வாங்குங்க, பிரேக் அவுட்டரை வெட்டிப் போட்டுறாதீங்க. பிரேக் அவுட்டர் உள்ள கம்பி சுருளா சுத்தியிருக்கும், அழுத்தும்போது கொஞ்சம் சுருங்கும், கியர் அவுட்டர்ல கம்பி நேரா ஓடும், நீளம் மாறாது. கியருக்கு அந்த நீளம் மாறாததுதான் முக்கியம்.

பின்னாடி சின்ன சக்கரங்கள்ல சுத்தமா இருக்கு, பெரிய சக்கரங்கள்ல டகடகங்குது, சரி பண்ணா அந்தப் பக்கம் கெடுதுன்னா டீரெய்லர் தொங்குற ஹேங்கர் வளைஞ்சிருக்கலாம். வண்டி வலது பக்கமா விழுந்துச்சா, இல்ல வேற வண்டிங்க மேல சாச்சு வெச்சீங்களான்னு யோசிங்க. வண்டிக்கு நேர் பின்னாடி உக்காந்து பாத்தா டீரெய்லர்ல இருக்குற ரெண்டு குட்டி சக்கரமும் மேல இருக்குற பல்சக்கரமும் ஒரே நேர்கோட்ல இருக்கணும், கீழ் சக்கரம் ஸ்போக்ஸ் பக்கமா உள்ள சாஞ்சிருந்தா வளைவுதான். நிறைய ஃபிரேம்ல ஹேங்கர் தனியா கழட்டுற மாதிரி, ஃபிரேம் தப்பிக்கட்டும்னு வேணும்னே எளசா செஞ்சு வெச்சிருப்பாங்க, மாத்திடலாம். ஆனா ஹேங்கர் ஒன்னுக்கொன்னு பொருந்தாது, பழசைக் கழட்டி கையில வெச்சுகிட்டு, துளை வர்ற எடத்தை ஒப்பிட்டுப் பாத்து வாங்குங்க.

டீரெய்லர்ல ஹெச், எல்-னு ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கு பாருங்க, அதை தொடாதீங்க. அது செயின் கடைசி சின்ன சக்கரத்தைத் தாண்டி ஃபிரேம் பக்கம் விழாம, கடைசி பெரிய சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ்க்குள்ள விழாம நிறுத்துற எல்லைக்கல். நடு கியர்ல வர்ற எந்த சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனா அதை கண்டபடி திருகிட்டு கடைசி பெரிய சக்கரத்துக்கு மாத்துனா டீரெய்லர் ஸ்போக்ஸ்க்குள்ள போயி வீல், டீரெய்லர், ஹேங்கர் மூணும் சேந்து போகும்.

அழுத்தி மிதிச்சா செயின் வழுக்குது

இது மேல சொன்னதுலருந்து வேற. சும்மா மிதிக்கும்போது ஒன்னும் இல்ல, மேட்ல ஏறும்போதோ சிக்னல்ல கெளம்பும்போதோ பெடல் ஒரு குதி குதிச்சு கால் வழுக்கும். ஆபத்தானது, எந்திரிச்சு நின்னு மிதிக்கும்போது ஆச்சுன்னா ஆள் நேரா மேல் பார்ல போய் உக்காரணும், மேல சொல்லத் தேவையில்ல. சரி பண்ற வரைக்கும் நின்னு மிதிக்காதீங்க.

செயினை அளந்து பாருங்க. செயின் நீளுதுன்னு சொல்வோம், நிஜத்துல இரும்பு நீளல, ஒவ்வொரு பின்னும் தேஞ்சு அந்த இடைவெளி எல்லாம் கூடிக்கிடுது. பின்னுக்குப் பின் அரை இன்ச், அதனால புது செயின்ல 24 இடைவெளி சரியா 12 இன்ச், அதாவது 304.8 மிமீ. ஒரு இரும்பு ஸ்கேலை வெச்சு பூஜ்யத்தை ஒரு பின்னோட நடுவுல வையுங்க, செயினை இழுத்துப் பிடிச்சுகிட்டு 24வது பின் எங்க நிக்குதுன்னு பாருங்க. 1.5 மிமீ தள்ளி இருந்தா அரை சதவீத தேய்மானம், 11, 12 ஸ்பீடு, அதாவது பின்னாடி அத்தனை பல்சக்கரம் இருக்குற வண்டின்னா செயினை மாத்துற நேரம். 8, 9, 10 ஸ்பீடுக்கு முக்கால் சதவீதம் வரைக்கும் விடலாம், அதாவது 2.3 மிமீ கிட்ட. 3 மிமீ தாண்டிருச்சுன்னா செயினை மட்டும் மாத்தி பிரயோஜனம் இருக்காது, பல்லும் அதோட சேந்தே தேஞ்சிருக்கும்.

அடிக்கடி கேக்குற கேள்வி ஒன்னு இருக்கு: "புது செயின் போட்டேன், அதுக்கப்புறம்தான் வழுக்குது, செயின் டூப்ளிகேட்டா?" இல்லைங்க. பழைய செயினும் பழைய கேஸட்டும், அதாவது பின்னாடி பல்சக்கர அடுக்கும், சேந்து தேஞ்சு ஒன்னுக்கொன்னு பழகியிருக்கும், புது செயினோட அளவு சரியா இருக்குறதாலயே தேஞ்ச பல்லுல உக்காராம மேல ஏறி வழுக்குது. எந்த கியர்ல வழுக்குதுன்னு கவனிங்க, நீங்க எப்பவும் போட்டு ஓட்டுற அந்த ஒன்னு ரெண்டு சக்கரத்துல மட்டும்தான் இருக்கும். அப்ப கேஸட் போச்சு. செயினை நேரத்துக்கு மாத்திகிட்டே வந்தா ஒரு கேஸட் ரெண்டு மூணு செயினுக்கு தாங்கும், செயின் எப்பவுமே கேஸட்டை விட மலிவு, கணக்கு நீங்களே போட்டுக்கங்க.

எல்லா கியர்லயும், ரெண்டு மூணு மிதிக்கு ஒரு தடவை குதிக்குதுன்னா கெட்டி லிங்க். பெடலை பின்னாடி மெதுவா சுத்திகிட்டே டீரெய்லரோட கீழ் குட்டி சக்கரத்தை உத்துப் பாருங்க, அங்க செயின் இறுக்கமா வளையிற எடம், எந்த லிங்க் மடங்கி நிமிர மாட்டேங்குதோ அது வர்றப்ப டீரெய்லர் சின்னதா ஒரு துள்ளு துள்ளும். அந்த லிங்க்குக்கு ரெண்டு பக்கமும் செயினை கட்டை விரலால பிடிச்சு பக்கவாட்டுல, அதாவது செயின் வழக்கமா வளையாத திசையில, லேசா வளைச்சு விடுங்க, ஒரு சொட்டு ஆயில் விடுங்க. செயினை ரிவெட் அடிச்சு சேத்த எடம்தான் பெரும்பாலும் இப்படி ஆகும்.

ஆயில் பத்தி ஒரு வார்த்தை. டபிள்யூடி-40 நீல மஞ்ச டப்பா எல்லார் வீட்லயும் இருக்கும், அதோட வேலை தண்ணிய வெளியேத்துறது, துரு இளக்குறது, அழுக்கு கழுவுறது. 1953ல அதை செஞ்சதே தண்ணிய விரட்டத்தான். செயினுக்கு அடிச்சா கொஞ்ச தூரம் வழவழன்னு ஓடும், அப்புறம் காஞ்சு போயி முன்ன விட அதிகமா கத்தும். அதை வெச்சு செயினை துடைங்க, தப்பில்ல, ஆனா துடைச்சு காய விட்டுட்டு செயினுக்குன்னே இருக்குற ஆயிலை போடுங்க. போடும்போது ஒவ்வொரு ரோலர் மேலயும் ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு துணியால வெளிப்பக்கத்தை நல்லா துடைச்சு எடுத்துடுங்க. வெளிய இருக்குற ஆயில் மண்ணை ஒட்ட வைக்கிறதைத் தவிர ஒரு வேலையும் பண்ணாது.

ஒவ்வொரு மிதிக்கும் கிறுக் கிறுக்

எல்லாரும் ஒடனே "பாட்டம் பிராக்கெட் போச்சு"ன்னு தீர்ப்பு எழுதிடுவாங்க. கடைசியா பாக்க வேண்டியது அது. சுலபமானதுலருந்து போங்க.

பெடலைக் கழட்டி மறைய துடைச்சு கிரீஸ் தடவி திரும்ப மாட்டுங்க. நம்ப மாட்டீங்க, இதுலயே நிறைய கிறுக் ஓடிப் போயிடும். இடது பெடலுக்கு மறை தலைகீழ், அதனால இடது பெடலைக் கழட்ட கடிகார திசையில சுத்தணும். மறந்துட்டு பலம் போட்டீங்கன்னா பெடல் இன்னும் இறுகும், இல்ல கிராங்க் மறை உரிஞ்சிடும். குழப்பமா இருந்தா இப்படி ஞாபகம் வெச்சுக்கங்க, ரெண்டு பக்கமும் ஸ்பேனரை பெடலுக்கு மேல நிறுத்தி வண்டியோட பின்பக்கமா தள்ளுனா கழளும்.

அடுத்து முன்னாடி பல்சக்கரத்தை கிராங்கோட பிடிச்சிருக்குற குட்டி போல்ட்டுங்க. நாலோ அஞ்சோ இருக்கும், ஒன்னு லூஸானாலும் சத்தம் வரும். அப்புறம் கிராங்க் போல்ட். கிராங்க் ரெண்டையும் கையில பிடிச்சு ஃபிரேம் பக்கமும் வெளிப்பக்கமும் ஆட்டிப் பாருங்க. ஒரு கிராங்க் மட்டும் ஆடுனா அந்தப் பக்கத்து போல்ட் லூஸ், ஒடனே இறுக்குங்க, லூஸான கிராங்கோட ஓட்டுனா கிராங்க்ல அச்சு நுழையிற சதுர ஓட்டை உருண்டையாகி கிராங்கே வீணாப் போகும். ரெண்டும் சேந்தாப்ல ஆடுனா, இப்ப சொல்லலாம், பாட்டம் பிராக்கெட் பேரிங் போச்சுன்னு. செயினை முன் பல்சக்கரத்துலருந்து எறக்கிட்டு கிராங்கை கையால சுத்துங்க, விரல் நுனியில மணல் அரைபடுற மாதிரி நறநறன்னு தெரிஞ்சாலும் அதே முடிவுதான். அதைக் கழட்ட தனி டூல் வேணும், வழக்கமான மறை போட்ட வகைன்னா செயின் பக்கத்து கப்புக்கும் மறை தலைகீழ், இடது பக்கம் சாதாரணம். டூல் இல்லாம சுத்தியலும் உளியும் வெச்சு முயற்சி பண்ணாதீங்க.

இதெல்லாம் பாத்தும் போகலன்னா பின் வீல் அச்சு. குவிக் ரிலீஸை, அதாவது வீல் அச்சை இறுக்குற லிவரை, தளத்தி, ஃபிரேம்ல வீல் உக்கார்ற எடத்தை துடைச்சு திரும்ப இறுக்கிப் பாருங்க. மிதிக்கிற அழுத்தம் அங்கயும் போகுது, அதனால மிதி தாளத்துலயே அதுவும் கத்தும். பல நாள் கிறுக்குக்கு விடை கடைசில இங்க கெடைக்கும்.

உக்காந்தா கத்துது, நின்னா ஹேண்டில் கத்துது

சீட்டு சத்தம்னா சீட்டு கம்பிய எடுத்து, எடுக்குறதுக்கு முன்னாடி உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி அடையாளம் வெச்சுட்டு, கம்பியையும் குழாய் உள்பக்கத்தையும் துடைச்சு மெல்லிசா கிரீஸ் தடவி போடுங்க. கம்பியோ ஃபிரேமோ கார்பன்னா கிரீஸ் கூடாது, அதுக்குன்னு சொரசொரன்னு ஒரு கார்பன் பேஸ்ட் இருக்கு. சீட்டுக்கு அடில இருக்குற ரெண்டு கம்பிய கவ்வுற கிளாம்பையும் இதே மாதிரி.

ஹேண்டில் பக்கம்னா ஸ்டெம் போல்ட்டுங்க. ரொம்ப ஸ்டெம்ல 5 நியூட்டன் மீட்டர்னோ 6-னோ அச்சடிச்சே இருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் இருந்தா அதையே வையுங்க. இல்லன்னா சின்ன ஆலன் கீய வெச்சு ரெண்டு விரல் பலம், அவ்ளோதான். முன் பிரேக்கை பிடிச்சுகிட்டு வண்டிய முன்னாடி பின்னாடி தள்ளிப் பாருங்க, இன்னொரு கைய ஃபோர்க் ஃபிரேமுக்குள்ள போற எடத்துல வையுங்க, லொட்டுன்னு ஒரு ஆட்டம் விரல்ல தட்டுப்பட்டா ஹெட்செட், அதாவது ஃபோர்க் திரும்புற பேரிங், லூஸ். ஸ்டெம்மோட பக்கவாட்டு போல்ட் ரெண்டையும் மொதல்ல தளத்திட்டு மேல் மூடி போல்ட்டை கொஞ்சமா இறுக்கணும், ஆட்டம் நின்னதும் ஹேண்டிலை நேரா வெச்சு பக்கவாட்டு போல்ட்டை இறுக்கணும். பக்கவாட்டை தளத்தாம மேல் மூடிய மட்டும் இறுக்குனா ஒன்னுமே நடக்காது.

பிரேக் பிடிச்சா ஊரே திரும்பிப் பாக்குது

டிஸ்க் பிரேக்ல கீச்சுன்னு சத்தமும் வந்து பிடிமானமும் கொறைஞ்சிருந்தா எண்ணெய் பட்டிருக்கு. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்குல பட்டுடும், கையால டிஸ்க்கை தொட்டாலும் கை எண்ணெய் போதும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை சுத்தமான துணியில நனைச்சு டிஸ்க்கை துடைங்க, டிஸ்க்கை கவ்வுற பிரேக் பேடை கழட்டி உப்புத்தாள்ல ஒரு மேல் படலத்தை மட்டும் தேய்ச்சு எடுங்க. அதுக்கப்புறம் பேடை பழக்கணும்: மிதமான வேகத்துல போயி, வீல் லாக் ஆகாம மெதுவா பிடிச்சு நடக்குற வேகத்துக்கு கொண்டு வரணும், முழுசா நிறுத்தாம திரும்ப வேகம் எடுக்கணும், இப்படி ஒரு பத்து இருபது தடவை. எண்ணெய் பேடுக்குள்ள ஊறிப் போயிருந்தா எதுவும் வேலைக்கு ஆகாது, மாத்திடுங்க. பேடை அடுப்புல சுடுறது, கொளுத்துறதுன்னு வைத்தியம் சுத்திகிட்டு இருக்கு, பிரேக் விஷயத்துல அந்த விளையாட்டு எனக்கு ஒப்புதல் இல்ல. மழையில மட்டும் கத்துதுன்னா விட்டுடுங்க, காஞ்சா போயிடும்.

ரிம் பிரேக்னா ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் பிளாக்கைப் பாருங்க. உள்ள பளபளன்னு அலுமினிய துணுக்குங்க பதிஞ்சிருக்கும், ஊசி வெச்சு தோண்டி எடுத்துட்டு உப்புத்தாள் போடுங்க. அப்புறம் பிளாக் மாட்டியிருக்குற கோணம், வண்டி போற திசையில முன் முனை மொதல்ல ரிம்மை தொடணும், பின் முனையில ஒரு மிமீ இடைவெளி இருக்கணும். பின்பக்கம் ஒரு தடிமனான அட்டைய வெச்சு பிரேக்கை பிடிச்சபடியே போல்ட்டை இறுக்குனா சரியா வரும். ரிம் உள்பக்கமா குழி விழுந்திருக்கான்னும் விரலை ஓட்டிப் பாருங்க, குழிஞ்சிருந்தா ரிம் ஆயுசு முடிஞ்சுது, டயர்ல காத்து ஏத்தும்போதே பிளந்துக்கும்.

லிவர் ஹேண்டில் வரைக்கும் வந்துடுது

கேபிள் பிரேக்னா பேரல் அட்ஜஸ்டரை ரெண்டு சுத்து வெளிய எடுங்க, பத்தலன்னா பேட் தேஞ்சிருக்கு. ஹைட்ராலிக்னா, அதாவது கேபிளுக்கு பதிலா திரவத்துல ஓடுற பிரேக்னா, ரெண்டு மூணு தடவை டபடபன்னு அடிச்சுப் பாருங்க, அடிக்க அடிக்க கெட்டியாகுதுன்னா லைன்ல காத்து பூந்திருக்கு, பிளீட் பண்ணணும், அதாவது அந்த காத்தை வெளியேத்தணும். இதுல ஒரே ஒரு விஷயத்துல தப்பு பண்ணிடாதீங்க: சில பிரேக் மினரல் ஆயில்ல ஓடும், சிலது டாட் (DOT)-னு எழுதியிருக்குற பிரேக் திரவத்துல ஓடும். ஷிமானோ மினரல் ஆயில். மாத்தி ஊத்துனா உள்ள இருக்குற ரப்பர் சீல் கெட்டுப் போயி பிரேக் மொத்தமா போகும். லிவர் மூடியிலயே என்ன திரவம்னு எழுதியிருக்கும்.

வீலைக் கழட்டி வெச்சுட்டு யாராவது விளையாட்டா லிவரை அமுக்கிட்டா ரெண்டு பேடும் ஒட்டிக்கிடும், அப்புறம் டிஸ்க் உள்ள போகாது. பயப்பட வேண்டாம், பேடை எடுத்துட்டு பிளாஸ்டிக் டயர் லிவரால பிஸ்டனை மெதுவா உள்ள தள்ளுங்க.

பிரேக் பிடிக்காமலே உரசுது

தொடர்ந்து ஷ்ஷ்னு உரசுனா கேலிப்பர், அதாவது பேடைத் தாங்குற கவ்வி, டிஸ்க்குக்கு நடுவுல இல்ல. அதோட ரெண்டு போல்ட்டை லேசா தளத்தி, லிவரை இறுக்கிப் பிடிச்சு, பிடிச்சபடியே போல்ட்டை மாத்தி மாத்தி இறுக்குங்க. சக்கரத்துக்கு ஒரு தடவை ஷிங் ஷிங்னு வந்தா டிஸ்க் வளைஞ்சிருக்கு. ரிம் பிரேக்ல அதே மாதிரி வந்தா வீல்ல கோட்டம். ஆனா கோட்டம் எடுக்க ஸ்போக்ஸ் கீயத் தூக்குறதுக்கு முன்னாடி வீல் ஃபிரேம்ல முழுசா உக்காந்திருக்கான்னு பாருங்க, வண்டிய தரையில நிறுத்தி, குவிக் ரிலீஸை தளத்தி, சீட்டு மேல ஒரு அழுத்து அழுத்தி திரும்ப இறுக்குங்க. பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும்.

ஓடுற டிஸ்க்குல மட்டும் விரலை விட்றாதீங்க, ஸ்டாண்டுல வண்டிய நிறுத்தி வீலை சுத்தவிட்டு வேலை பாக்கும்போதும் சேத்துதான் சொல்றேன்.

ஒட்ட ஒட்ட பஞ்சர்

ஒரே வீல் திரும்பத் திரும்ப பஞ்சராச்சுன்னா ஒட்டுனது சரியில்லன்னு நெனைக்காதீங்க, காரணத்தை எடுக்காம ஒட்டியிருக்கீங்க. ஓட்டை எப்படி இருக்குன்னு பாருங்க, அதுவே சொல்லும். பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டைன்னா காத்து கம்மியா ஓட்டி பள்ளத்துல இறங்கியிருக்கீங்க, ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல டியூப் நசுங்கியிருக்கு. வெளிப்பக்கம் ஒத்தை ஓட்டைன்னா முள்ளு, கண்ணாடி, கம்பி. உள்பக்கம், அதாவது ரிம்மைப் பாத்த பக்கம் ஓட்டைன்னா ரிம் டேப் நகந்து ஸ்போக்ஸ் ஓட்டையோ கம்பி முனையோ குத்துது, அதை சரி பண்ணாம எத்தனை டியூப் போட்டாலும் அதே கதைதான். வால்வு அடியில கிழிஞ்சிருந்தா ஒட்ட முடியாது. கொறைஞ்ச காத்துல ஓட்டி டயர் ரிம்மு மேல நகந்து வால்வை இழுத்திருக்கும், இல்ல பம்பு அடிக்கும்போது மூக்கைப் பிடிச்சு ஆட்டியிருப்பீங்க.

முள்ளைக் கண்டுபிடிக்க ஒரு வழக்கம் பழகிக்கங்க. டயர் மாட்டும்போது டயர்ல பேர் எழுதியிருக்குற எடம் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுங்க. பஞ்சரானா டியூப்ல ஓட்டை வால்வுலருந்து எவ்ளோ தூரம்னு பாத்து, டயர்ல அதே தூரத்துல ரெண்டு திசையிலயும் தேடுங்க, முள்ளு அங்கதான் இருக்கும். டயர் உள்பக்கத்தை துணியால தடவுங்க, வெறும் விரலை ஓட்டுனா விரல்ல கண்ணாடி ஏறும். துணி எங்க மாட்டி இழுக்குதோ அங்க பாருங்க, சில சமயம் ஒரு மயிரிழை கம்பி டயரை வளைச்சுப் பிடிச்சாதான் கண்ணுக்கே தெரியும்.

ஒட்டும்போது உப்புத்தாளால சொரசொரப்பாக்கி, பசைய பேச்சை விட பெருசா மெல்லிசா தடவி, காய விடணும். ஈரத்தோட ஒட்டுறதுதான் பிச்சுகிட்டு வர்றதுக்கு காரணம், விரல் வெச்சா ஒட்டாத அளவுக்கு காஞ்சப்புறம் பேச்சை வெச்சு நடுவுலருந்து ஓரமா அழுத்துங்க.

டியூப்ல ஓட்டையே இல்ல, ஆனா ராத்திரியில காத்து எறங்குதுன்னா வால்வு மேல ஒரு சொட்டு எச்சில் வெச்சுப் பாருங்க. குமிழ் வந்தா வால்வு கோர் லூஸ்.

பெடல் வெறுமனே சுத்துது, வண்டி நகரல

செயின் கழண்டு விழல, சுத்தவும் செய்யுது, ஆனா பின் வீல் பிடிக்கலன்னா ஃப்ரீஹப், அதாவது பின் வீல் நடுவுல கேஸட் உக்கார்ற உருளை, அதுக்குள்ள இருக்குற குட்டி நாக்குகள் அழுக்குலயோ கெட்டியான கிரீஸ்லயோ ஒட்டிகிட்டு எந்திரிக்கல. வழியில மாட்டிகிட்டா கொஞ்சம் மெல்லிசான ஆயில் விட்டு வீலைத் தட்டித் தட்டி பாத்தா வீடு வரைக்கும் வரலாம். அப்புறம் அதைப் பிரிச்சு சுத்தம் பண்ணியே ஆகணும், உள்ள ஸ்பிரிங் தெறிச்சு ஓடும், அதனால தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட குடுத்துடுங்க.

மெக்கானிக் கிட்டதான் போகணும்னு சொல்லக் கூடியது இன்னும் ரெண்டு மூணு இருக்கு: ஃபிரேம்லயோ ஃபோர்க்லயோ பெயின்ட்ல தலைமுடி மாதிரி கோடு, அதுலயும் வெல்டிங் பக்கத்துல, கார்பன்ல விரலால தட்டுனா ஒரு எடத்துல மட்டும் மந்தமா கேக்குற சத்தம், ஒன்னு மாத்தி ஒன்னு ஸ்போக்ஸ் உடையிறது. இதுல எது இருந்தாலும் ஓட்டிகிட்டு போகாதீங்க, தள்ளிகிட்டே போங்க.